மிதக்கிற படகுக்கு விலை பேசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் தேவிபட்டினம் வரையுள்ள கரையோரக் கிராமங்களில், பாய்மரப் படகுப் போட்டிகளை மனத்தில் வைத்து இளைஞர்கள் பழைய படகுகளைத் தேடி வாங்குவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எஞ்சின் வந்த பிறகு பாயைச் சுருட்டிப் பரணில் போட்ட ஊர்களில் மீண்டும் பாய் விரிப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தச் செய்தியில் படகு என்ன விலைக்குப் போனது, எந்த ஊருக்குப் போனது என்றெல்லாம் இருந்ததே தவிர, வாங்கியவர்கள் அதை எப்படிப் பார்த்து வாங்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகளின் குடும்பத்தில் பிறந்து, உளியைக் கீழே வைத்த பிறகும் "ஒரு படகு விலைக்கு வந்திருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று அழைக்கப்படுகிறவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் பகுதியில் பழைய படகு விற்பனை பெரும்பாலும் படகு தண்ணீரில் கட்டிக் கிடக்கும்போதே முடிந்துவிடுகிறது. வாங்குபவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்ப் படகில் ஏறுகிறார். பலகையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். பாயை விரித்துக் காட்டச் சொல்கிறார். கரைக்கு வந்ததும் அச்சாரம் கைமாறுகிறது. மாடு வாங்கப் போனவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. படகின் விலையை முடிவு செய்கிற பாகங்கள் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது, மேலே தெரிகிற சாயத்தையும் பாயையும் பார்த்து விலை பேசுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. அதிலும் விற்பதற்கென்றே புதுச் சாயம் அடித்த படகு என்றால் எனக்கு முதலிலேயே ஐயம் வந்துவிடும். விற்கப் போகிற பொருளுக்கு யாரும் காரணமில்லாமல் சாயச் செலவு செய்வதில்லை.

ஆகவே முதல் நிபந்தனை, படகைக் கரையேற்றிச் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. கரையேற்றியவுடன் பார்க்க வேண்டியது ஏரா, அதாவது படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரம். முன் அணியம், பின் அணியம் எனப்படும் படகின் இரு முனைகளுக்கும் இடையே, ஏராவின் அடி விளிம்பை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் போதும். கட்டியபோது நேராக இருந்த ஏரா, நடுவில் மேலே எழும்பி இரு முனையும் தொங்கியிருந்தால், படகு பல ஆண்டுகள் சரியான முட்டு இல்லாமல் மணலில் கிடந்திருக்கிறது என்று பொருள். அப்படி முதுகு வளைந்த படகு மிதக்கும், மீன்பிடிக்கவும் போகும். காற்றை எதிர்த்து ஏறிப் போவதில் மட்டும் பின்தங்கும். போட்டிக்கு வாங்குகிறவர்களுக்கு அதுதானே வேண்டியது? ஏராவின் வளைவை நிமிர்த்திவிடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நிமிர்த்துகிற வேலை ஏறக்குறையப் பாதிப் படகைப் பிரித்துக் கட்டுகிற வேலை.

அடுத்தது ஏராவை ஒட்டி வரும் முதல் பலகையும் அதன் மூட்டும். இங்கே ஒரு சிறிய பேனாக்கத்தி போதும். நல்ல மரத்தில் கத்திமுனை ஒரு நூல் அளவுக்கு இறங்கி நின்றுவிடும். எடுக்கும்போது மரம் அதைப் பிடித்து வைக்கும். கெட்ட மரத்தில் கத்தி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். எடுத்தால் ஈரமான கரும்பொடி ஒட்டிக்கொண்டு வரும். பலகை முழுவதையும் குத்திப் பார்க்கத் தேவையில்லை. ஆணி இறங்கிய இடங்கள், பலகைகள் முட்டுகிற முனைகள், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற வங்குகளின் கால் ஏராவோடு சேரும் இடம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். விற்பவர் கத்தியை எடுக்கவே கூடாது என்று தடுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

ஆணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரப்படகு பெரும்பாலும் மரத்தால் சாவதில்லை, ஆணியால் சாகிறது. செப்பு ஆணி அடித்த படகில் ஆணித்தலை பச்சை படிந்திருந்தாலும் சுற்றியுள்ள மரம் நன்றாக இருக்கும். இரும்பு ஆணியில் துத்தநாகப் பூச்சு தேய்ந்த பிறகு துரு ஏறும். துரு ஏற ஏற ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். சுற்றியுள்ள மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். சாயத்தின் மேல் ஆணி வரிசை நெடுகிலும் செம்பழுப்பாக வடிந்த கறை தெரிந்தால் உள்ளே இந்த நோய் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். சில படகுகளில் பழைய செப்பு ஆணிகளுக்கு நடுவே பழுது பார்த்தவர்கள் இரும்பு ஆணிகளை அடித்து வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பு மிக விரைவாகக் கரையும். அப்படிப்பட்ட படகில் புதிதாகப் பழுது பார்த்த பகுதிதான் முதலில் கழன்று வரும்.

திருப்பாலைக்குடிப் பக்கம் அண்மையில் பார்த்த ஒரு வள்ளத்தைச் சொல்கிறேன். வெளியே நீலச் சாயம் பளபளவென்று இருந்தது. மூட்டு ஒன்றில்கூட வெடிப்பு இல்லை. உள்ளே மிதிபலகைகளைத் தூக்கச் சொன்னேன். அவற்றில் இரண்டு பலகைகள் மட்டும் ஆணி அடித்து அசையாமல் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பெயர்த்த பிறகு பார்த்தால், வங்குகளுக்கு இடையே சிமெண்ட் கலவை கொட்டிச் சமமாகத் தேய்த்து, அதன்மேல் தார் பூசியிருந்தார்கள். சிமெண்டின் ஓரத்தில் விரலை வைத்தால் பலகைக்கும் சிமெண்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் மழைத் தண்ணீர் நின்று நாறிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் மரத்தை ஓரளவு காக்கும்; மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன். சிமெண்டை உடைக்காமல் அடியில் எத்தனை வங்கு மிச்சமிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்க வந்த பையன் அச்சாரம் கொடுக்காமல் இருந்ததால் தப்பினான்.

கப்பல்புழுவைப் பற்றி நம் மீனவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் படகை முதன்முதலாக வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது உண்மையில் புழு அல்ல. சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலை அளவுத் துளை வழியே மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, சுண்ணாம்பு பூசிய சுரங்கம் போல மரத்தைக் குடைந்துகொண்டு போகும். வெளியே தெரிவது அந்தக் குண்டூசித் துளை மட்டும்தான். அதன்மேல் ஒரு கை சாயம் அடித்தால் அதுவும் தெரியாது. கட்டையால் தட்டிப் பார்க்கும்போது நல்ல பலகை கணீரென்று பேசும். குடைந்த பலகை பொத்தென்று ஒலிக்கும். இதில் படகு எங்கே கிடந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும். நாள்தோறும் மணலில் ஏற்றி வெயிலில் காய வைத்த படகில் புழு அவ்வளவு நிலைக்காது. ஆண்டு முழுவதும் நங்கூரத்தில் கிடந்த படகையும், காரங்காடு போன்ற அலையாத்திக் காட்டை ஒட்டிய கால்வாயில் கட்டிக் கிடந்த படகையும் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அடியில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர்கள் அடர்த்தியாக ஒட்டியிருந்தால் அது பெரிய குறை அல்ல, சுரண்டிவிடலாம். ஆனால் அத்தனை நாள் படகு கரையேறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு நேர்மாறாக, குறையே அல்லாத ஒன்றைக் கண்டு நல்ல படகை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கரையில் கிடந்த மரப்படகின் மூட்டுகள் விரிந்து, உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும். இது மரம் காய்ந்து சுருங்கியதால் வருவது. படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டால் முதல் இரவு நிறையத் தண்ணீர் ஏறும், மறுநாள் குறையும், மூன்றாம் நாள் மரம் ஊறி மூட்டு இறுகிவிடும். மூன்று நாளைக்குப் பிறகும் காலையில் அதே அளவு தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தால்தான் அது கசிவு. விரிசல் படகு முழுவதும் ஒரே சீராக இருந்தால் அச்சமில்லை. ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைவிட அகலமாக விரிந்திருந்தால் அந்த இடத்தில் வங்கு ஒடிந்திருக்கலாம், அல்லது ஆணி விட்டிருக்கலாம். கலப்பற்று அடித்துச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். பஞ்சும் குங்கிலியமும் மூட்டை அடைக்குமே தவிர, பிரிந்து போகிற பலகைகளை இழுத்துப் பிடிக்காது. திரும்பத் திரும்பக் கலப்பற்று அடித்த மூட்டில் பலகையின் விளிம்பு உளிபட்டு உருண்டு போயிருக்கும். அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாலே படகின் வயது தெரியும்.

ஃபைபர் என்றால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முழுதும் ஃபைபரால் வார்த்த படகு ஒரு வகை. பழைய மரப்படகின் மேல் ஃபைபர் போர்த்தியது வேறு வகை. இரண்டாவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மரம் நன்றாகக் காயாமல் போர்த்தியிருந்தால் ஃபைபர் மரத்தோடு ஒட்டாமல் தனித் தோலாக நிற்கும். நடுவில் தேங்கும் ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உள்ளேயே அழுகச் செய்யும். ஒரு ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாத இடம் வெற்று ஒலி எழுப்பும். முழு ஃபைபர் படகில் பார்க்க வேண்டியவை வேறு. அடியில் நீர்க்கொப்புளங்கள், பாய்மரக் கயிறு கட்டும் இடங்களில் நட்சத்திரம் போல விரியும் மெல்லிய வெடிப்புகள், உள்புறம் ஒட்டுப் போட்ட தழும்பு, எஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகைக்குள் வைத்துப் பூசிய ஒட்டுப்பலகையின் அழுகல் ஆகியவை.

எஞ்சின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று விலைக்கு வருகிற 'பாய்மரப் படகுகளில்' பல, இடையில் எஞ்சின் வைத்து ஓட்டப்பட்டு, எஞ்சினைத் தனியாக விற்ற பிறகு மீண்டும் பாய் ஏற்றியவை. எஞ்சினின் சுழல்தண்டு வெளியே சென்ற துளையைக் கட்டையால் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு எவ்வளவு நேர்த்தியானது என்பதைவிட, எஞ்சின் அதிர்ந்த ஆண்டுகளில் பின்பக்க ஆணிகள் எவ்வளவு தளர்ந்தன என்பதே கேள்வி. சுக்கான் கொக்கிகளைக் கையால் அசைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பாய்மரத்தில் நெடுக்காக ஓடும் வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். காய்ந்த மரம் அப்படித்தான் வெடிக்கும். குறுக்காக, தலைமயிர் பருமனில் ஓடும் கோடு ஒன்று தெரிந்தால், அதுவும் மரம் வளைகிற இடத்தில் தெரிந்தால், அந்த மரம் அடுத்த பலத்த காற்றில் முறியும். மரத்தின் அடி செருகி நிற்கும் குழியில் தண்ணீர் தேங்குவதால், மரத்தைக் கழற்றி அந்த முனையையும் பார்க்க வேண்டும். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலும், அதை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறும் மாற்றக்கூடியவை. அவற்றுக்காக விலையில் குறைத்துக் கேட்கலாம், படகையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பாயில் துணி கெடுவதற்கு முன் நூல் கெடும். தையலில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் வெயிலில் இற்ற நூல் பொடியாக உதிரும். பாக் நீரிணைப் படகுகளில் காற்றுப் பக்கம் நீட்டி, ஆட்கள் ஏறிச் சமன் செய்கிற பலகை ஒன்று உண்டு. அந்தப் பலகை அமர்கிற இடத்தில்தான் விளிம்பு மரத்தின் மேல் முழுப் பாரமும் இறங்குகிறது. போட்டியில் ஓடிய படகு என்றால் அங்கே நசுங்கலோ பிளவோ இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கடல். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். மண்டபத்துக்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடலான பாக் நீரிணைப் பகுதியில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குக் குறைவு. அங்கே கட்டுகிற படகுகள் அதற்கேற்ப அடி தட்டையாக, கொஞ்சத் தண்ணீரில் மிதக்கும்படி இருக்கும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் உருண்டு வருகிற பேரலைக்கு வேறு உடல் வேண்டும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஆனி, ஆடியில் வடகடல் ஓரளவு அமைதியாக இருக்கும், தென்கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் நிலைமை தலைகீழ். விற்பவர்கள் தங்கள் பக்கத்துக் கடல் படுத்துக் கிடக்கும் பருவத்தில்தான் படகை ஓட்டிக் காட்டுவார்கள். ஆகையால் ஓட்டிப் பார்க்கும்போது அலையை நம்பாமல் காற்றை நம்ப வேண்டும். பிற்பகலில் காற்று ஏறிய பிறகு, படகு ஒரு பக்கமாக நன்றாகச் சாயும்படி பாயைப் பிடித்து, வழக்கமாக நீருக்கு மேலே நிற்கும் மூட்டுகள் நனைகிற நிலையில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். கட்டிக் கிடக்கும்போது துளி கசியாத படகு, சாய்ந்ததும் மேல் மூட்டு வழியே குடம் குடமாகத் தண்ணீர் எடுப்பது உண்டு. கீழக்கரை அல்லது ஏர்வாடிப் பக்கம் வாங்கிப் பாம்பன் வழியாகத் தொண்டிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், பணத்தை முழுதாகக் கட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தில் படகின் குறையைக் கண்டுபிடிப்பது வேண்டாத வேலை.

காகிதங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன் கீழ் மீன்பிடி படகு மீன்வளத்துறையில் பதிவு பெற்றதா, பதிவு விற்பவர் பெயரில் இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, பெயர் மாற்றம் முடிகிற வரை ஒரு பகுதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுப் புத்தகம் படகு யாருடையது என்று சொல்லும். அது கடலுக்குத் தாங்குமா என்று சொல்லாது.

விலையைப் பொறுத்தவரை என் கணக்கு இதுதான். விற்பவர் சொல்லும் விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் பழுதுச் செலவை எழுத வேண்டும். மாற்ற வேண்டிய பலகை, வங்கு, ஆணி, கலப்பற்று, பாய், கயிறு, ஓடாவியின் கூலி என்று எழுதிக் கூட்டி, அதே அளவில் புதுப் படகு கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டும். வாங்கும் விலையும் பழுதும் சேர்ந்து புதுப் படகில் பாதியைத் தாண்டினால் அந்தப் படகை நான் வேண்டாம் என்பேன். ஏராவும் வங்குகளும் நன்றாக இருந்து, பாயும் சாயமும் கந்தலாக இருக்கிற படகுதான் உண்மையில் மலிவு. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூலிக் கணக்கில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கும் காலத்தில், மரவேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் படகுகளின் பழுது வேலைக்குப் போய்விடுவார்கள். அயனி மரத்தில் வேலை தெரிந்த ஓடாவி பக்கத்தில் இல்லாத ஊருக்கு மரப்படகு வாங்கிப் போவது வீண் செலவு.

இதில் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். மீன் இறங்குதளங்களில் விசைப்படகுகளுக்கு என்று என்னென்னவோ கட்டுகிறார்கள். சிறிய நாட்டுப்படகு ஒன்றைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்துச் சாய்த்து, இரண்டு பக்கமும் அடியைப் பார்ப்பதற்கு ஒரு சரிவுமேடையும் நான்கு முட்டுக்கட்டைகளும் நிழலும் உள்ள ஓர் இடத்தை, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை ஆகிய இடங்களிலாவது மீன்வளத்துறை ஒதுக்கித் தரலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. அதுவரை, போட்டி நடத்துகிற கிராமக் கமிட்டிகள் போட்டிக்கு முந்தைய நாளே எல்லாப் படகுகளையும் கரையேற்றச் சொல்லி, ஊரில் உள்ள மூத்த ஓடாவி ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து அடியைப் பார்க்கச் செய்யலாம். படகை விற்க நினைப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும் அன்றைக்கே உண்மை தெரிந்துவிடும். ஓடாவிக்கும் ஒரு நாள் கூலி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓடாவி ஒருவர்,
தேவிபட்டினம்.